ஒன்பதாவது ஓட்டையோடு நின்றவர்கள்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை வந்தால் எனக்கு ஒரு வாரத்துக்குத் தலைவலி வரும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடைமுறை. ஆள் தங்கமானவர், அதில் குறை சொல்ல மாட்டேன். கண்டி டவுனில் ஒரு புடவைக்கடை வாசலில் வருடக்கணக்காக நின்று, "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க, பாக்கிறதுக்குக் காசா கேக்கிறோம்" என்று ரோட்டில் போகிற சனத்தையெல்லாம் உள்ளே இழுத்துப் பழகிய மனிதர். நான் மடுல்கெல்லையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். எனக்கு ஆள் இழுக்கத் தெரியாது. சமைக்கத் தெரியும், ஏசத் தெரியும். அவருடைய வாயையும் என்னுடைய கையையும் நம்பித்தான் பிலிமத்தலாவையில் சாப்பாட்டுக்கடை போட்டோம்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பக்கம் போன் திருத்துகிற கடை, மறுபக்கம் எப்போதும் பூட்டியே கிடக்கிற ஷட்டர். நாலு மேசை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிறத்தில் பிளாஸ்டிக் கதிரைகள். மத்தியானச் சோறு மட்டும்தான். பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு கீரைச் சுண்டல், தேங்காய்ச் சம்பல், பப்படம். வேண்டியவர்களுக்கு முட்டையோ கருவாட்டுப் பொரியலோ. இறைச்சி வைப்பதில்லை. கோயிலுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் பன்சலைக்குப் புத்தரைக் கும்பிடப் போகிறவரும் ஒரே மேசையில் யோசிக்காமல் உட்கார வேண்டும் என்று நான் போட்ட சட்டம் அது.

அதற்கு முன்னால் நான் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தேன். மகள் தத்தக்கா புத்தக்கா என்று நடக்கிற வயதில் போனேன். லீவில் வந்து, மறுபடி போய், கடைசியாகத் திரும்பி வந்தபோது அவள் என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். அந்த வீட்டு மேடம் நல்ல மனுசி. "எப்ப வேணும்னாலும் வா, உன் அறையை வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் எனக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? கொஞ்சங்கூட விருப்பமில்லை. என் பிள்ளைக்கு யாரோ தலை சீவி விடுவதை போனில் பார்த்துக்கொண்டு இன்னும் எத்தனை காலம் இருப்பது?

அதனால் நானும் அவரும் ஒரு பேச்சுக்கு வந்தோம். தீபாவளி வரைக்கும் கடையை நடத்திப் பார்ப்பது. தினமும் வந்து சாப்பிடுகிற ஆட்கள் சேர்ந்துவிட்டால் நான் இங்கேயே இருப்பது. சேராவிட்டால் கடையை மூடிவிட்டு நான் குவைத்துக்குப் போவது, அவர் புடவைக்கடை வாசலுக்குப் போவது. கண்டியில் இருக்கிற ஏஜென்சிக்காரர் அப்போதே போன் பண்ணி நச்சரிக்கத் தொடங்கிவிட்டார். மேடம் காத்திருக்கிறார், விசா போடட்டுமா, போடட்டுமா என்று.

ஆட்கள் வராமல் இல்லை, வந்தார்கள். கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிறவர்கள், தலதா மாளிகையில் புத்தரின் பல்லைக் கும்பிடப் போகிறவர்கள், கலியாண வீட்டுக்குப் போகிற வேன்கள். "அக்கா, ருசின்னா ருசி" என்பார்கள். கையைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போய்விடுவார்கள். போனவர்கள் போனவர்கள்தான். பெரஹர ஊர்வல நாட்களில் கதிரை போதாமல் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். பெரஹர முடிந்த வாரம் நாங்கள் மூன்று பேரும் மூன்று நாளும் பருப்பையே சாப்பிட்டோம்.

"ரோட்டுல போற ஆள நம்பி அடுப்புப் பத்த வைக்க ஏலாது," என்றார் வீட்டுக்காரர். "வந்த ஆள் திரும்பி வரணும். அதுக்கு ஒரு யோசனை வச்சிருக்கேன்."

எனக்கு அப்போதே நெற்றிப்பொட்டில் விண்ணென்றது.

முதல் யோசனை வாட்ஸ்அப். கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் நைசாகப் பேசி நம்பர் வாங்கிக்கொண்டார். விடிந்ததும் எல்லாருக்கும் ஒரு ரோஜாப்பூப் படம், கீழே மூன்று பாஷையில் "இனிய காலை வணக்கம், இன்றைக்கும் உங்களுக்காகக் காத்திருக்கிறோம்" என்று ஒரு செய்தி. எல்லாம் சரி. ஆனால் அந்த மனிதர் அதை அனுப்பியது என்னுடைய போனிலிருந்து. அதில் நான் குவைத்தில் எடுத்துக்கொண்ட படம் இருந்தது, பட்டுச்சேலையும் லிப்ஸ்டிக்குமாக. ஊரில் உள்ள ஆம்பிளைகளுக்கெல்லாம் விடியற்காலையில் நான் ரோஜாப்பூ அனுப்பிக் காத்திருந்தால் அவர்கள் வீட்டில் சும்மா விடுவார்களா?

ஒரு த்ரீவீல்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், இருந்தார், சிங்களவர், எங்கள் சந்தியில்தான் வண்டி நிறுத்துவார். அவருடைய மனைவி ஒரு நாள் காலையில் போனும் கையுமாக வந்து நின்றாள். முகம் சிவந்து கிடந்தது. நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தலையில் எண்ணெய், முகத்தில் கரி, கையில் பூசணிக்காய். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருந்தாலும் பசியோடு வந்தவளை அனுப்ப முடியுமா? உட்கார வைத்துச் சோறு போட்டேன். அன்றைக்கே ரோஜாப்பூ நின்றுபோனது.

இரண்டாவது யோசனைதான் கார்டு. கண்டியில் ஏதோ ஒரு காப்பிக் கடையில் பார்த்தாராம். விசிட்டிங் கார்டு அளவில் ஒரு மட்டை, அதில் வாழை இலை படம், சுற்றிவரப் பத்து வட்டம். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு வட்டத்தில் ஓட்டை போடுவது. பத்தாவது சாப்பாடு இலவசம். ஓட்டை போட மகளின் பள்ளிக்கூட பைலுக்கு வாங்கிய பஞ்சிங் மிஷினைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது கடைசி வாய் வைப்பதற்குள் பக்கத்தில் போய் நின்று, "கார்டக் குடுங்க, கார்டக் குடுங்க" என்று டக்கென்று ஓட்டை போட்டுவிடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை செய்தது. கார்டு கையில் இருக்கிறது என்பதற்காகவே ஆட்கள் திரும்பி வந்தார்கள். எதிரே ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிற முஸ்லிம் ஐயா ஒருவர், நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம், வீட்டுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு இங்கே வரத் தொடங்கினார். இருக்கு என்பதை ஈக்கி என்பார், சொன்ன என்பதை சென்ன என்பார். த்ரீவீல்காரர் தினம் வந்தார். பேங்கில் வேலை செய்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று, தனியாக அறை எடுத்து இருப்பவள், "அக்கா, இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டுக்கொண்டே கதிரையை இழுப்பாள். இவர்கள் கூட்டிவந்த ஆட்கள் வேறு. நான் பருப்புச் சட்டியைப் பெரிதாக்கினேன். மனசுக்குள் ஒரு தைரியம் வந்தது. யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும், "தீபாவளிக்குள்ள இப்பிடியே ஆள் சேந்துட்டா நான் குவைத்துக்குப் போக மாட்டேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாய் அப்படி. உள்ளே ஒன்றும் தங்காது.

பத்தாவது வட்டத்துக்கு முதலில் வந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். சாப்பிட்டுவிட்டுக் காசை நீட்டினார். "இது ஓசிங்க, காசு வேணாம்" என்றேன். "பரவால்ல அக்கா, வச்சுக்கங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"என்ன பரவால்ல? கார்டுல அச்சடிச்சிருக்கிறது பொய்யா? ஒரு வேளச் சோறு போட வக்கில்லாமயா கடை வச்சிருக்கோம்? எடுங்க காச!"

கடையே திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் காசை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். ரூட்டை மாற்றிவிட்டார்களாக்கும் என்று நான் நினைத்தேன்.

அடுத்து த்ரீவீல்காரர் வரவில்லை. வண்டி சந்தியில்தான் நிற்கிறது, ஆள் மட்டும் வரவில்லை. பிறகு நானா வரவில்லை. பிறகு பேங்க்குப் பிள்ளை. நன்றாகப் பழகினவர்கள், வாய் நிறைய அக்கா, தங்கச்சி என்றவர்கள், ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். புது ஆட்கள் வந்தார்கள், கார்டு வாங்கினார்கள், கொஞ்ச நாள் வந்தார்கள், அவர்களும் நின்றார்கள். ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் பார்க்கிறேன், த்ரீவீல்காரர் வேறொரு கடையில் பார்சல் வாங்கிக்கொண்டு நிற்கிறார். என்னைக் கண்டதும் பார்சலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். நான் என்ன குறை வைத்தேன்?

வீட்டுக்காரர் துப்புத் துலக்கத் தொடங்கினார். மிளகாய்த்தூள் சரியில்லை என்று வேறு மில்லில் அரைத்து வந்தார். உப்பு கூட என்றார். உப்பைக் குறைத்தேன், இப்போது உப்பே இல்லை என்றார். கண்ணூறு பட்டுவிட்டது என்று ஒரு சாம்பல் பூசணிக்காயில் குங்குமத்தைத் தடவி வாசலில் போட்டு உடைத்தார். அது சிதறிய வழியில் போன் கடைக்காரப் பையன் வழுக்கி விழுந்தான். அவனும் அன்றைக்குச் சாப்பிட வரவில்லை.

"செய்வினையா இருக்குமோ?" என்றார் மெதுவாக.

"எனக்கு யார் செய்வினை வைக்கப் போறா? அதான் ஏற்கனவே ஒங்கள வச்சிருக்காங்களே!" என்றேன்.

சிரித்துவிட்டோம். ஆனால் சிரிப்பு நெஞ்சுக்குள் இறங்கவில்லை. அந்த வாரமே ஏஜென்சிக்காரர் போன் பண்ணினார். விசா தயார், டிக்கெட் போடலாம், மேடம் அவசரப்படுகிறார், அடுத்த வாரத்துக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள் என்றார். தீபாவளி கிட்டே வந்துவிட்டது. சரி யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, தேவையே இல்லாமல் ஒரு சுளகு நிறைய வெங்காயம் உரித்தேன். வெங்காயம் உரிக்கும்போது அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

மறுநாள் அடுப்படிக் குழாய் ஒழுகியது. வாஷர் ஒன்று வாங்க வேண்டும். வாஷர் வாங்க ஹார்ட்வேர் கடைக்குத்தானே போக வேண்டும்? இத்தனை நாளும் ரோஷத்தில் அந்தப் பக்கமே நான் தலை வைத்துப் படுக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்காரர் சாமான் எடுக்கக் கலகெதரைக்குப் போயிருந்தார், வேறு வழியில்லை. ரோட்டைக் கடந்து உள்ளே போனேன்.

கடையில் யாரும் இல்லை. பெயின்ட் டின் அடுக்கியிருக்கிற மூலையில் மட்டும் ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தேன். நானா ஒரு குட்டி ஸ்டூலில் குந்திக்கொண்டு, மடியில் சோத்துப் பார்சலை விரித்து வைத்துக்கொண்டு, என்னைக் கண்டதும் வாயில் வைத்த சோற்றை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் முழித்தார்.

"சாப்பிடுங்க நானா, சாப்பிடுங்க," என்றேன். குரல் எனக்கே கசந்தது. "நம்ம சோறு புடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாம். இப்பிடிப் பெயின்ட் டின்னுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு திங்க வேண்டியதில்ல. ஒரு வாஷர் குடுங்க, நான் போறேன்."

"யா அல்லாஹ்! புடிக்கலண்டு ஆரு சென்ன?" பதறி எழுந்தார். பாதிச் சோறு கீழே கொட்டியது. "இந்தா பாருங்க தங்கச்சி, இது பருப்பா? தண்ணி! கத்தரிக்காய்ல காம்பு ஈக்கி! இத ஆராவது ஆசப்பட்டுத் திம்பாங்களா?"

"அப்ப ஏன் திங்கிறீங்க?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சட்டைப்பையிலிருந்து எங்கள் கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார். வாழை இலையைச் சுற்றி ஒன்பது ஓட்டை.

"அடுத்தது ஓசி," என்றார்.

"ஆமா. வந்து சாப்பிட வேண்டியதுதானே?"

"எப்பிடித் தங்கச்சி சாப்பிடுற? ஒங்கட பயணம் இந்தக் கடயிலதான் நிக்கிண்டு நீங்களே ஊரெல்லாம் செல்றீங்க. கட ஓடினாத்தான் நீங்க ஈப்பீங்க. அதுல போய் நான் ஓசில குந்தித் திண்டா அது தொண்டைல எறங்குமா?"

"அப்ப காசு குடுத்திருக்கலாமே!"

"காசு குடுத்த கண்டக்டருக்கு நீங்க ஏசின ஏச்சு ரோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கிக் கேட்டிச்சு. நான் ஹார்ட் வருத்தக்காரன், மருந்துல ஈக்கிற ஆள்."

அவர் மேலே சொன்னார். ஒரு நாள் வேறு இடத்தில் சாப்பிட்டுவிட்டு மறுநாள் வரலாம் என்றுதான் முதலில் நினைத்தாராம். ஆனால் மறுநாள் வந்தாலும் அது பத்தாவதுதானே? எந்த நாள் வந்தாலும் பத்தாவதுதானே! கார்டு தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லவும் மனம் வரவில்லை. வீட்டுக்காரர்தான் பக்கத்திலேயே வந்து கார்டு கேட்டு நிற்கிறாரே. த்ரீவீல்காரருக்கும் இதே கதிதான், பேங்க்குப் பிள்ளைக்கும் இதே கதிதான். மூன்று பேரும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, எங்கள் கடையிலிருந்து வருகிற தாளித்த வாசத்தை மூக்கால் பிடித்துக்கொண்டு, இதற்கு என்ன வழி என்று பேசிக்கொண்டார்களாம்.

"அந்தப் பேங்க்குப் புள்ள அழுற மாதிரி நிண்டிச்சு," என்றார் நானா.

நான் அழவில்லை. வந்த சிரிப்பில் பெயின்ட் டின்மேல் சாய்ந்துவிட்டேன். அட கடவுளே, சோறு கெட்டுப்போய்விட்டது, கண்ணூறு, செய்வினை என்று என்னென்ன நினைத்தோம்! இந்தச் சனம் என்மேல் வைத்த பிரியத்தில் அல்லவா பட்டினி கிடக்கிறது! அந்தச் சந்தோஷத்தில் வாஷரை மறந்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் வரை குழாய் ஒழுகியது.

வீட்டுக்காரர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு முகம் மலர்ந்தது. "சரி, பத்தாவதுக்குப் பாதி வெல. எப்பிடி?"

"கார்டத் தூக்கி அடுப்புல போடுவேன், ஒங்களையும் சேத்து!" என்றேன். "பாதி ஓசி மட்டும் தொண்டையில எறங்குமா? அவங்க ஓசி கேக்கல. நம்மதான் பலவந்தமா ஊட்டப் பாத்தோம்."

அன்றைக்கு முழுக்க எனக்கு இதே நினைப்பு. குவைத்தில் மேடம் தினமும் காலையில் கேட்பார், இன்றைக்கு யாருக்கு என்ன வேண்டும் என்று. வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள், நான் சமைப்பேன். இங்கே என் கடையில் நான் சமைத்ததைத்தான் எல்லாரும் சாப்பிட்டார்கள். உனக்கு என்ன ஆசை என்று ஒருத்தரிடமும் நான் கேட்டதில்லை.

மறுநாள் நானே ரோட்டைக் கடந்தேன். சந்தியில் த்ரீவீல்காரரையும் கையோடு பிடித்துக்கொண்டு போய் நானாவின் கடையில் நிறுத்திச் சொன்னேன்.

"இந்தா பாருங்க. பத்தாவது சாப்பாட்டுக்குக் காசு உண்டு. முழுக் காசு. ஒரு சதம் கொறயக் கூடாது. ஆனா அன்னைக்கு என்ன கறின்னு நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும். நீங்க சொல்ற கறிதான் கடை முழுக்க."

நானா தாடியைத் தடவினார். யோசிக்கவே இல்லை. "கத்தரிக்காய் மோஜு. வினாகிரி ஊத்தி, சின்ன வெங்காயம் போட்டு. எங்கட வீட்டுல வருத்தம் வருத்தமெண்டு எண்ணெய காட்ட மாட்டாங்க."

"ஹார்ட் வருத்தக்காரருக்கு எண்ணெயில பொரிச்ச கத்தரிக்காயா?"

"ஒரு நாள்தானே தங்கச்சி!"

அவர் நாளன்று வீட்டுக்காரர் வாசலில் ஒரு பலகை வைத்தார். தமிழிலும் சிங்களத்திலும், "இன்றைக்கு ஹார்ட்வேர் நானாவின் கறி." நீங்கள் நானாவைப் பார்த்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, அத்தர் மணக்க வந்து நின்றார். தனியாக வரவில்லை, பின்னாலேயே சிமெந்து லொறிக்காரர்கள், பேக்கரிக்காரர், பள்ளிவாசலிலிருந்து இரண்டு பேர். தான் சாப்பிடுவதை விட்டுவிட்டு மேசை மேசையாகப் போய், "எப்பிடி எங்கட கறி? உப்புப் புளியெல்லாம் சரியா?" என்று விசாரித்தார். நான்தான் சமைத்தேன் என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. யாரோ ஒரு ஆள் நன்றாக இருக்கிறது என்றதும், "சும்மாவா!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

த்ரீவீல்காரர் பொலொஸ் கேட்டார். பிஞ்சுப் பலாக்காயை மண்சட்டியில் நெடுநேரம் வேக வைத்து, கறுத்து வருகிற கறி. எனக்கு அந்தப் பக்குவம் தெரியாது. "மகே நோனா எவி," என்றார், மனைவியை அனுப்புகிறேன் என்று. ரோஜாப்பூவுக்குச் சண்டை பிடிக்க வந்த அதே நங்கி, சிங்களத்தில் தங்கச்சி, அவள்தான் விடிய முதல் வந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். என்னை என் அடுப்படியில் ஒரு கரண்டிகூடத் தொட விடவில்லை. அவள் பார்க்காத நேரம் கொறுக்காய்ப்புளியை நான் கொஞ்சம் அதிகம் போட்டதற்கு ஒரு மணி நேரம் முணுமுணுத்தாள். பிறகு இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து அவள் புருசனைப் பற்றியும் என் புருசனைப் பற்றியும் மனசாரப் பேசிச் சிரித்தோம். அன்றைக்குச் சந்தியில் ஒரு த்ரீவீல்கூட ஓடவில்லை, எல்லாம் எங்கள் கடைக்கு முன்னால் நின்றன.

பேங்க்குப் பிள்ளை கூச்சப்பட்டுக்கொண்டே முருங்கையிலை வறை கேட்டாள். "தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடப் போடுங்கோ அக்கா. எங்கட வீட்டில அப்பிடித்தான் செய்யிறவை." பேங்க்கில் கவுன்டரில் இருந்த எல்லாரையும் கூட்டிவந்தாள், மனேஜர் உட்பட. மனேஜர் தன்னுடைய கார்டில் நாலு ஓட்டைதான் இருக்கிறது என்று கவலைப்பட்டார். தன் முறை வருவதற்காகவே ஆட்கள் தினமும் வந்தார்கள். மற்றவர் முறையில் என்ன கறி என்று பார்க்கவும் வந்தார்கள். மோஜுவா பொலொஸா என்று இரண்டு மேசைக்கு இடையில் சண்டைகூட நடந்தது. வீட்டுக்காரர் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இது எல்லாம் தன்னுடைய யோசனை என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குச் சந்தோஷத்தில் கண் மண் தெரியவில்லை.

ஏஜென்சிக்காரர் நல்ல நேரம் பார்த்துத்தான் கூப்பிட்டார், மத்தியானம், கடை நிறைந்து கிடக்கிற நேரம். என் ஒரு கையில் அகப்பை. போனை மகள் எப்போதோ ஸ்பீக்கரில் போட்டு வைத்திருக்கிறாள், எனக்கு அதை நிறுத்தத் தெரியாது. "டிக்கெட் போடவா, வேணாமா? இன்னைக்கே சொல்லணும். மேடம் லைன்ல நிக்கிறாங்க" என்று அவர் கத்துவது கடை முழுக்கக் கேட்டது.

மெல்லுகிற சத்தம் நின்றது. நானாவின் கை சோற்றிலேயே நின்றது. பேங்க்குப் பிள்ளை தண்ணீர்க் கோப்பையை வாய்க்குக் கிட்டே வைத்தபடி என்னைப் பார்த்தாள். வீட்டுக்காரர் பலகைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார். எல்லாக் கண்ணும் என்மேல்.

"நான் வரல," என்றேன். "மேடத்துக்கு என் சலாம் சொல்லுங்க. அந்த அறையை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லுங்க."

த்ரீவீல்காரருக்கு அவ்வளவு தமிழ் புரியாது. பக்கத்து ஆளின் தோளைப் பிடித்து உலுக்கினார். "மொகத கிவ்வே? அக்கா என்ன சொன்னது?"

"யன்னே நே," என்றேன் நானே. போகவில்லை.

நானாதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்பிடிண்டா எனக்கி இன்னம் கொஞ்சம் சோறு போடுங்க தங்கச்சி." ஒரே சிரிப்பு. பிறகு ஆளாளுக்குச் சோறு கேட்டார்கள். யாருக்கு எவ்வளவு போட்டேன் என்று எனக்கே தெரியாது. கண் மறைத்திருந்தது.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து எப்போதும் கடையில்தான் சாப்பிடுவாள். அன்றைக்கு அவள் வந்தபோது கூட்டம் கலைந்துவிட்டது. வீட்டுக்காரர் சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணைக் காட்டி நிறுத்திவிட்டேன். தட்டில் சோறு போட்டு அவள் முன்னால் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மா குவைத்துக்குப் போகல."

"தீபாவளிக்கு அப்புறம்?"

"தீபாவளிக்கு அப்புறமும் போகல. இனிமே எப்பவுமே போகல."

"நெசமாவா?"

"நெசமா. போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

அவள் தட்டைப் பார்த்தாள். ஒரு விரலால் பீட்ரூட் கறியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். அப்புறம் தட்டையே என் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

"எனக்கு இது வேணாம். எனக்கு பீட்ரூட் புடிக்கவே புடிக்காது."

"என்னடி சொல்ற? நான் வந்ததிலேருந்து ஒரு வார்த்த பேசாம தின்னியே!"

"சொன்னா நீ திரும்பப் போயிருவன்னு நெனச்சேன்."

வீட்டுக்காரர் சட்டென்று வெளியே போய்விட்டார். இத்தனை மாதமும் என் பிள்ளை ஒன்றுக்கும் அடம் பிடித்ததில்லை, ஒன்றையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதை நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"முட்ட பொரிச்சுத் தா," என்றாள் அவள், குரலை உயர்த்தி. "அப்புறம் நீ தல சீவுறப்ப ரொம்ப இழுக்கிற. வலிக்குது. நாளைலேருந்து மெதுவா சீவு."

"இருக்கிறதத் தின்னுட்டுப் போடி, முட்டையும் இல்ல, ஒன்னும் இல்ல!" என்று கத்தினேன்.

"மாட்டேன்!" என்று அவளும் கத்தினாள்.

அதுதான் நாங்கள் இருவரும் போட்ட முதல் சண்டை. கத்திக்கொண்டேதான் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்து அவளுக்கு முட்டை பொரித்தேன்.